ஒப்புதலுக்குக் காத்திருந்த பன்னிரண்டு

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மடிப்பக்கா என்றால்தான் தெரியும். போர்வை, தலையணை உறை, நோயாளிகளின் அங்கி என்று எது கைக்கு வந்தாலும் நான்கு மூலையும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தால்தான் அவளுக்கு மூச்சு வரும். வேலையில் மட்டும் அப்படி என்றாலும் பரவாயில்லை. பஸ் டிக்கெட்டை மடிப்பாள், மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் தாளை மடிப்பாள், அடுத்தவர் தின்றுவிட்டுப் போட்ட பிஸ்கட் உறையைக்கூட எடுத்து மடித்துத்தான் குப்பையில் போடுவாள். "உன்னை விட்டா என்னையும் நாலா மடிச்சு அலமாரியில வெச்சிடுவ" என்பார் வீட்டுக்காரர். அவர் பூட்டு ரிப்பேர் செய்பவர். கடைத்தெரு முனையில் ஒரு மேஜை, ஒரு பெரிய குடை, சாவி வெட்டும் இயந்திரம், அவ்வளவுதான் அவர் கடை.

பதினாறு வருடமாக அவளுக்கு நின்றபடியே வேலை. துவைத்து உலர்த்தி வந்த துணியைக் குழல்விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். நல்லது வலது பக்கம், கிழிசல் இடது பக்கம். கிழிசல் எங்கே என்று நீலச் சாக்பீஸால் வட்டம் போட்டுத் தையல் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு போர்வை. சின்னக் கிழிசல்தானே என்று விட்டால் அடுத்த துவையலில் அது கை நுழையும் அளவுக்குப் பெரிதாகிவிடும். அதனால் அவள் கண்ணில் ஊசிமுனை ஓட்டைகூடத் தப்பாது. முழங்கால்தான் இந்த வேலையோடு ஒத்துப்போக மறுத்தது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "நிக்கிறதைக் குறைச்சாகணும்மா" என்றார். நிற்காமல் என்ன வேலை செய்வது என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு எழுத்துப் பயிற்சி வகுப்பு. சனிக்கிழமை மதியம், நூலகத்தின் மூன்றாவது மாடி, பன்னிரண்டு வாரம். மகள் அதைக் கேட்டதும் விடவில்லை.

"நீ போம்மா. என் காலேஜ் லீவு லெட்டரையே மூணு தடவை திருத்தற ஆளு நீ. அங்க போய்த் திருத்து, எனக்கும் நிம்மதி."

"இந்த வயசுல எனக்கு வகுப்பு ஒரு கேடா?"

"வயசைப் பத்தி நோட்டீஸ்ல ஒண்ணும் போடலையே."

போனாள். பதினான்கு பேர் இருந்தார்கள். பத்து கம்ப்யூட்டர், அதில் இரண்டு சும்மா அழகுக்கு. டீச்சருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மூக்கின் நுனியில் கண்ணாடி, கையில் எப்போதும் ஆறிப்போன டீ. முதல் நாளே ஆளுக்கு ஒரு வலைப்பூ திறந்து கொடுத்தார். எல்லோரும் அதை பிளாக் என்றார்கள். முன்பின் தெரியாதவர்கள் வந்து கண்டதை எழுதிவிட்டுப் போவார்கள் என்று பயமாக இருந்தால் கருத்துப் பெட்டிக்கு ஒரு பூட்டு போட்டுக்கொள்ளலாம், நாம் அனுமதித்தால்தான் மற்றவர் கண்ணுக்குத் தெரியும் என்றும் சொன்னார். மடிப்பக்காவுக்கு அது காதில் விழவில்லை. அப்போது அவள் கீபோர்டில் 'ழ' எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள்.

"நீங்க எழுதறது பாதிதான். உங்க ஜோடி எழுதினதைப் படிச்சு, அவங்க மனசு நோகாம, அவங்களுக்கு உபயோகமா நாலு வார்த்தை சொல்றீங்க பாருங்க, அதுதான் மீதி பாதி. அன்பும் இருக்கணும், உதவியும் இருக்கணும். ஒண்ணு மட்டும் இருந்தா பாதி மார்க்குதான்" என்றார் டீச்சர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்தான் பன்னிரண்டு வாரத்துக்கும் ஜோடி. மடிப்பக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பேக்கரிக்காரி. அவளைவிடப் பத்து வயது சின்னவள், கன்னத்தில் குழி, சிரித்தால் யாரும் கடன் சொல்லாமல் ரொட்டி வாங்கிப் போய்விடுவார்கள். வந்த முதல் நாளே, "அக்கா, எனக்கு எழுத்துன்னாலே நடுக்கம். நீங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்" என்றாள். இப்படி யாராவது கேட்டால் மடிப்பக்கா விழுந்துவிடுவாள். விழுந்தாள்.

பேக்கரிக்காரியின் முதல் பதிவு மூன்றே வரி. 'எங்கள் கடை நல்ல கடை. எங்கள் ரொட்டி மிகவும் நன்றாக இருக்கும். எல்லாரும் வாங்க.' அது பதிவா விளம்பரமா என்று படைத்தவளுக்கே வெளிச்சம். மற்றவர்களாக இருந்தால் 'சூப்பர்' என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பார்கள். பாதி வகுப்பு அதைத்தான் செய்தது. மடிப்பக்காவுக்கு அது வராது. திங்கட்கிழமை மதிய இடைவேளையில், உலர்த்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அந்த மூன்று வரியை ஏழெட்டுத் தடவை படித்தாள். பிறகு போனில் ஒற்றை விரலால் எழுதினாள். ஒன்றல்ல, இரண்டு கருத்து. நல்ல துணியையும் கிழிசலையும் ஒரே கூடையில் போட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

முதலாவது: 'தங்கச்சி, எல்லாரும் வாங்கன்னு முடிச்சது ரொம்பப் பிடிச்சது. வாசல்ல நின்னு நீங்களே கூப்பிடற மாதிரி இருக்கு.'

இரண்டாவது: 'ஒரே ஒரு விஷயம். உங்க கையைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே. மாவு பிசையற கையைப் பத்தி ரெண்டு வரி எழுதுங்க. எழுதினவங்க கை தெரிஞ்சாத்தான் படிக்கிறவங்க நம்புவாங்க. தப்பா நினைச்சுக்காதீங்க. துணியில கறை இருந்தா துவைக்கிறவங்க கண்ணுலதான் முதல்ல படும்.'

முதல் கருத்து மறுநாள் சுத்தமாக நின்றது. இரண்டாவதின் கீழே மட்டும் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தாக ஒரு வரி ஒட்டிக்கொண்டிருந்தது: 'ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது.' மடிப்பக்கா அதைப் பார்த்தாள், பார்க்காமல் இல்லை. சலவைக்கூடத்தில் பெரிய மூட்டை வந்தால் 'காத்திருப்பு' என்று ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிடுவார்கள். துணி துவைத்து, மடித்து, வார்டுக்குப் போய் நோயாளி மேலேயே போர்த்தி இருக்கும், அந்த அட்டை மட்டும் மூட்டைக்கயிற்றில் ஆடிக்கொண்டிருக்கும். அதைக் கழற்ற ஒருவருக்கும் தோன்றாது. நீளமாக எழுதினால் இந்த இயந்திரமும் ஏதோ அட்டை தொங்கவிடுகிறது என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். போதாக்குறைக்கு, சின்னச் சின்னப் பாராட்டுகளின் கீழே அந்த வரி வந்தாலும் மறுநாளே போய்விட்டது. நீளமான கிழிசல் கருத்துகளின் கீழேதான் போகாமல் நின்றது. அவள் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் பேக்கரிக்காரியின் பதிவில் கை வந்தது. விரல் இடுக்கில் காய்ந்த மாவு, அடுப்புத் தட்டு சுட்ட தழும்பு எல்லாம் வந்தது. படித்த மடிப்பக்காவுக்கு வாயெல்லாம் பல்.

நான்காவது வாரம் பேக்கரிக்காரி தன் மாமியாரைப் பற்றி எழுதினாள். கடை வைக்கவே கூடாது என்று சண்டை போட்ட மாமியார் ஒருநாள் கடைவாசலில் வந்து நின்றாராம். அதோடு பதிவு முடிந்துவிட்டது. மடிப்பக்கா விடுவாளா? 'மாமியாரை வாசல்லயே நிக்க வெச்சிட்டுக் கதையை முடிச்சிட்டீங்களே! உள்ள கூப்பிட்டீங்களா இல்லையா? அவங்க அங்க நின்னப்ப உங்க கை என்ன பண்ணிட்டு இருந்திச்சு? அதை எழுதுங்க, அதுதான் கதை.' இரண்டு நாளில் பதிவு மாறியது. மாமியார் நின்றதும், மருமகள் தலை நிமிராமல் பிசைந்த மாவையே திரும்பத் திரும்பப் பிசைந்ததும், கடைசியில் மாமியாரே உள்ளே வந்து கையைக் கழுவிக்கொண்டு பக்கத்தில் நின்றதும் வந்தது. டீச்சர் அதை வகுப்பில் வாசித்தபோது ஆம்புலன்ஸ் டிரைவர் மூக்கை உறிஞ்சினார்.

"பாருங்க, தானாவே எவ்வளவு அழகா திருத்திக்கிறாங்க" என்றார் டீச்சர்.

பேக்கரிக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். அது அடக்கம் என்று மடிப்பக்கா நினைத்தாள். கருத்துகளைத்தான் டீச்சரும் படிக்கிறாரே, வட்டம் போட்டது யார் என்று அவருக்குத் தெரியாதா என்ன! வகுப்பு முடிந்து படி இறங்கும்போது பேக்கரிக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். முழங்கால் வலிக்காக ஒவ்வொரு படியாக நின்று நின்றுதான் இறங்கினார்கள்.

"அக்கா, நீங்க என்னுதை மட்டும் பாருங்க போதும். மத்தவங்க பிளாக் எல்லாம் எதுக்கு உங்களுக்கு? கிடைக்கறது அரைமணி நேர இடைவேளை. அதெல்லாம் நான் பாத்து நம்ம ரெண்டு பேர் சார்பா ஏதாவது எழுதிடறேன்."

"என் தங்கமே" என்றாள் மடிப்பக்கா. நிஜமாகவே அப்படித்தான் சொன்னாள். இப்போது நினைத்தால் அந்த வார்த்தையை வாயிலிருந்து பிடுங்கி எறிய வேண்டும்போல் இருக்கிறது அவளுக்கு.

எட்டாவது வாரம் டீச்சர் ஒரு விஷயம் சொன்னார். அடுத்த வகுப்புக்கு நாற்பது பேர் சேரப் போகிறார்கள். ஒருவரால் சமாளிக்க முடியாது. இந்த வகுப்பிலிருந்தே ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ள நூலகம் சம்மதித்திருக்கிறது. வாரத்தில் நான்கு மதியம், சம்பளத்தோடு. வேலை என்ன என்றால் புதியவர்கள் எழுதுவதைப் படித்து, அவர்களுக்கு அன்பாகவும் உபயோகமாகவும் கருத்து எழுதுவது. "உங்க பதிவை வெச்சு ஆளை எடுக்கப் போறதில்லை. நீங்க அடுத்தவங்களுக்கு எழுதின கருத்தை வெச்சுத்தான்" என்றார்.

ஜன்னல் ஓரத்தில் சக்கரம் வைத்த ஒரு நாற்காலி இருந்தது. துணை ஆளுக்கு அதுதான். டீச்சர் டீ வாங்கப் போன நேரத்தில் மடிப்பக்கா அதில் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தாள். முதுகு சாய்ந்தது, முழங்கால் மடங்கித் தொங்கியது, வலி இல்லை. நான்கு மதியம் இங்கே உட்கார்ந்தால் சலவைக்கூடத்தில் அரை நாள் நின்றால் போதும். ஆனால் முழங்காலுக்காக மட்டும் அவள் அந்த இடத்தை விரும்பவில்லை. பிறந்ததிலிருந்து அவளுக்கு நன்றாக வரும் ஒரே காரியம் அதுதான்: எது நல்லது, எங்கே கிழிசல் என்று பார்த்து, பார்த்ததைப் பதமாகச் சொல்வது. அதற்கு ஒரு நாற்காலி போடுவார்கள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

"எனக்கு அந்த வேலை வேணும்" என்றாள் பேக்கரிக்காரியிடம். "வெக்கத்தை விட்டுச் சொல்றேன். வீட்டுலகூட இன்னும் சொல்லலை. உன்கிட்டதான் சொல்றேன்."

"உங்களுக்கு இல்லாம வேற யாருக்குக்கா?" என்றாள் அவள், கன்னத்தில் குழி விழ.

பன்னிரண்டாவது வாரம் வந்தது. மடிப்பக்கா அன்று இஸ்திரி போட்ட புடவையில், மடிப்புக் கலையாமல் போனாள். டீச்சர் ஒவ்வொருவருடைய கருத்துகளையும் திரையில் காட்டி இரண்டு வார்த்தை சொல்லிக்கொண்டே வந்தார். மடிப்பக்காவின் முறை வந்தது. திரையில் பன்னிரண்டு வரி. 'எல்லாரும் வாங்கன்னு முடிச்சது ரொம்பப் பிடிச்சது.' 'கையைப் பத்தி எழுதினது அருமை.' 'மாமியார் கண் கலங்க வெச்சிட்டாங்க.' பாராட்டு, பாராட்டு, பாராட்டு.

"இவங்க மனசு தங்கம்" என்றார் டீச்சர். "ஆனா ஜோடிக்கு ஒரு இடத்துலயாவது உதவி பண்ணியிருக்கலாம். புகழ்ச்சி மட்டும் இருந்தா எழுதறவங்க வளர முடியாதும்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

மடிப்பக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்ல டீச்சர், நான் ரெண்டு ரெண்டா எழுதினேன். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு."

டீச்சர் திரையை மேலும் கீழும் நகர்த்தினார். பன்னிரண்டுதான். "எங்கயாவது அனுப்பாம விட்டுட்டீங்களோ?"

மடிப்பக்கா பேக்கரிக்காரியைப் பார்த்தாள். இவள் சொன்னால் தீர்ந்தது. ஒரு வார்த்தை, 'வந்தது' என்று ஒரு வார்த்தை. பேக்கரிக்காரி கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

"எனக்கு வந்தது இவ்வளவுதான் டீச்சர்" என்றாள்.

அதற்குப் பிறகு பேக்கரிக்காரியின் முறை. அவள் வகுப்பில் பத்துப் பேருடைய வலைப்பூவில் எழுதியிருந்தாள். 'உங்க கை தெரியலையே.' 'இந்த இடத்துல நிறுத்திட்டீங்களே, இதுக்கு அப்புறம்தான் கதை.' டீச்சர் வரி வரியாக வாசித்தார். இப்படி ஒருவர் நமக்கு எழுதினால் யாருக்குத்தான் எழுத்து வராது என்றார். நாற்காலி யாருக்கு என்று சொல்லவே வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். மடிப்பக்காவும் தட்டினாள். வாசிக்கக் கேட்ட வரிகள் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தன, ஆனால் அவள் தலை அப்போது வேலை செய்யவில்லை. போனில் எந்தப் பொத்தானைத் தப்பாக அழுத்தினோம் என்றே யோசித்துக்கொண்டிருந்தாள். தன்மேல்தான் கோபம் வந்தது. பேக்கரிக்காரி வந்து கட்டிப்பிடித்தபோது அவள் முதுகைத் தட்டிக்கொடுத்து, "நல்லா இரு" என்று வேறு சொன்னாள்.

வீட்டுக்கு வந்து மகளிடம் போனை நீட்டினாள். "இதுல இருக்கு பாரு. இருபத்திநாலு. அங்க பன்னெண்டுதான் வந்திருக்கு. இந்தப் போனைத் தூக்கி எறி."

மகள் பார்த்தாள். தன் போனில் அதே பக்கத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"அம்மா, போன்ல ஒண்ணும் கோளாறு இல்ல. அவங்க பூட்டு போட்டிருக்காங்க. நீ எழுதினது உனக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது. அவங்க அனுமதின்னு ஒரு பொத்தானை அமுக்கினாத்தான் வெளிய வரும். பன்னெண்டை அமுக்கியிருக்காங்க. பன்னெண்டை அமுக்கலை."

"மறந்திருப்பா."

"பாராட்டினதை எல்லாம் மறக்காம அமுக்கியிருக்காங்களே."

மூலையில் உட்கார்ந்து ஒரு பழைய திண்டுக்கல் பூட்டை எண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் தலை நிமிர்ந்தார். "நான் முப்பது வருஷமா பூட்டைப் பாக்கறேன். இப்படி ஒரு பூட்டு பாத்ததில்லையே. வெளிய நிக்கிறவளை வா வான்னு கூப்பிட்டு, சாமானை வாங்கி வெச்சுக்கிட்டு, ஆள் வரவே இல்லைன்னு சொல்ற பூட்டு."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் மடிப்பக்கா. அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

பிறகு மகள் மற்றவர்களுடைய வலைப்பூவை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். மடிப்பக்கா பன்னிரண்டு வாரத்தில் எட்டிப் பார்க்காத பக்கங்கள். பல் மருத்துவமனையில் வேலை செய்யும் பெண்ணின் பதிவின் கீழே, பேக்கரிக்காரி பெயரில்: 'எழுதினவங்க கை தெரிஞ்சாத்தான் படிக்கிறவங்க நம்புவாங்க.' ஓய்வுபெற்ற தபால்காரர் பதிவின் கீழே, மடிப்பக்கா ஆறாவது வாரம் எழுதிய ஐந்து வரி அப்படியே. ஆம்புலன்ஸ் டிரைவர், ஒரு பெரியவரை மாடிப்படியிலிருந்து தூக்கி இறக்கியதைப் பற்றி எழுதியிருந்தார். அதன் கீழே பேக்கரிக்காரி: 'அவர் அங்க நின்னப்ப உங்க கை என்ன பண்ணிட்டு இருந்திச்சு? அதை எழுதுங்க, அதுதான் கதை. மாமியாரை உள்ள கூப்பிட்டீங்களா இல்லையா?' அதற்கு டிரைவரின் பதில்: 'ரொம்ப நன்றிங்க. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை. ஆனா கை என்ன பண்ணிச்சுன்னு கேட்டது நல்ல கேள்வி.'

மகள் சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். மடிப்பக்கா அழவில்லை. கையில் இருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். கவிழ்த்துப் போட்ட கூடையும், ஒற்றை விரலும், சாப்பிடாமல் ஆறிப்போன சாப்பாட்டு டப்பாவும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. கழுத்தை அறுத்தவளைக் கட்டிப்பிடித்து நல்லா இரு என்று வாழ்த்திவிட்டு வந்திருக்கிறாளே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை நேராக பேக்கரிக்குப் போனாள். கடையில் கூட்டம் இல்லை. பேக்கரிக்காரி கண்ணாடி அலமாரியில் ரொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மடிப்பக்கா போனைக் கண்ணாடி மேல் வைத்தாள்.

"வந்தது இவ்வளவுதான்னு சொன்னியே. இது என்ன?"

அவள் பார்க்கவே இல்லை. "அக்கா, உள்ள வாங்க, உக்காந்து பேசலாம்."

"நான் நின்னே பழக்கப்பட்டவ. சொல்லு."

பேக்கரிக்காரி கையிலிருந்த ரொட்டியை அலமாரியில் வைத்தாள். பிறகு சொன்னாள். "முதல் வாரம் வெக்கமா இருந்ததுக்கா. இது சரியில்ல, அது சரியில்லன்னு நீங்க எழுதினதைப் பதினாலு பேரும் படிச்சா நான் எப்படித் தலை நிமிந்து உக்காருவேன்? அதான் அமுக்கலை. அப்புறம் அப்படியே விட்டுட்டேன்."

"சரி. அந்த வெக்கம் எனக்குப் புரியுது. அதை எடுத்து டிரைவருக்கு எழுதினியே, அது எந்த வெக்கத்துல சேத்தி?"

"எனக்கு அந்த மாதிரி எழுத வராதுக்கா." அவள் அடுப்புப் பக்கம் கையைக் காட்டினாள். "விடிஞ்சா அடைஞ்சா இந்த அடுப்பு, இந்தச் சூடு. நாலு மதியம் இதை விட்டு வெளிய போய் மனுஷங்க நடுவுல உக்காரணும்னு எனக்கும் ஆசை இருக்காதா? உங்களுக்குத்தான் இது தண்ணி பட்ட பாடு. நாளைக்கே இன்னும் நூறு எழுதுவீங்க. எனக்குக் கொடுத்ததுதானே, எனக்குத்தானே எழுதினீங்க?"

"உனக்கு உதவி பண்ண எழுதினேன். எனக்கு வேணும்னு உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். தெரிஞ்சுதானே பண்ணின?"

பேக்கரிக்காரி மறுபடி ரொட்டியை அடுக்கத் தொடங்கினாள். ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்தார். அவள் கன்னத்தில் குழி விழச் சிரித்து, "வாங்க, என்ன வேணும்?" என்றாள். அவ்வளவு சீக்கிரம் அந்தச் சிரிப்பு எங்கிருந்துதான் வந்ததோ! மடிப்பக்கா போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

டீச்சரிடம் காட்டினால் போதும் என்று பஸ் நிறுத்தத்திலிருந்தே கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள். டீச்சர் பொறுமையாகக் கேட்டார். "உங்க போன்ல தெரியுதுன்னா அதைப் படம் பிடிச்சு அனுப்புங்கம்மா" என்றார். படம் பிடிக்க மகளைக் கேட்டுக்கொள்ளலாம் என்று மடிப்பக்கா பக்கத்தைத் திறந்தாள். பன்னிரண்டு பாராட்டுகள் நின்றன. சாம்பல் வரி ஒட்டிய ஒன்றுகூட இல்லை. கடையிலிருந்து பஸ் நிறுத்தம் ஐந்து நிமிட நடை. அந்த ஐந்து நிமிடத்தில் பேக்கரிக்காரி அத்தனையையும் அழித்துவிட்டிருந்தாள்.

"இப்ப காணோம் டீச்சர்" என்றாள் மடிப்பக்கா.

"வருத்தமா இருக்கும், எனக்குப் புரியுது. நீங்களும் ஆசைப்பட்டிருப்பீங்க" என்றார் டீச்சர், மிக மிக அன்பாக. பொறாமைக்காரிக்குச் சொல்லும் ஆறுதல் அது. டிரைவரின் மாமியாரைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அது அவளுக்குத் தோன்றவே இல்லை. போனை வைத்துவிட்டாள்.

இரண்டு வாரம் அவள் வலைப்பூப் பக்கமே போகவில்லை. யாரோடும் பேசாமல் நானூறு நானூறாகப் போர்வையைத் தூக்கிப் பிடித்தாள். மூன்றாவது வாரம் ஒரு மதியம், கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து தன் பக்கத்தில் ஒரு பதிவு எழுதினாள். யாரையும் குத்திக்காட்டவில்லை. வெளிச்சத்தில் துணியைப் பிடித்துப் பார்ப்பது எப்படி என்று மட்டும் எழுதினாள். நல்ல பதிவு, அவள் எழுதியதிலேயே நல்லது. வகுப்பு முடிந்தவர்களின் பதிவுகளையும் துணை ஆள் படித்துக் கருத்து எழுத வேண்டும் என்பது டீச்சர் போட்ட ஏற்பாடு. மறுநாளே அவள் பதிவின் கீழே ஒரு கருத்து வந்தது, பேக்கரிக்காரியின் பெயரில், 'துணைப் பயிற்றுநர்' என்ற பட்டத்தோடு.

'ரொம்ப நல்லா இருக்குக்கா. ஒரே ஒரு விஷயம். உங்க கையைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே. ரெண்டு வரி எழுதுங்க. எழுதினவங்க கை தெரிஞ்சாத்தான் படிக்கிறவங்க நம்புவாங்க. தப்பா நினைச்சுக்காதீங்க. ரொட்டி கருகினா சுடறவங்க மூக்குக்குத்தான் முதல்ல தெரியும்.'

மடிப்பக்கா அதை இரண்டு தடவை படித்தாள். எவ்வளவு நெஞ்சழுத்தம்! யாரிடமிருந்து எடுத்தோம் என்பதுகூட மறந்துபோகும் அளவுக்கா எடுத்திருக்கிறாள்? அல்லது மறக்கவில்லையா? எது மோசம் என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. காது சூடாகியது. போனை உலர்த்தும் இயந்திரத்துக்குள் எறிந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எறியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் எழுதினாள், வழக்கம்போல இரண்டாக.

முதலாவது: 'தங்கச்சி, கடைசி வரி ரொம்ப நல்லா இருக்கு. ரொட்டி கருகற வாசனையை நான் எழுதலை, அது உங்களோட சொந்த வரி. உங்களுக்கு எழுத வரும்.'

இரண்டாவது: 'மத்த வரி எல்லாம் முதல் வாரம் நான் உங்களுக்கு எழுதினது. அதை எடுத்துட்டு, அந்தக் கடைசி வரி மாதிரியே எல்லாத்தையும் நீங்களே எழுதிப் பாருங்க.'

அவள் பக்கத்துக்குப் பூட்டு இல்லை. இரண்டும் உடனே வந்து நின்றன, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். சாப்பாட்டு டப்பாவைக் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தாள். அவளுடைய இரண்டு கருத்துகள் இருந்தன. அவற்றுக்கு மேலே, பேக்கரிக்காரி எழுதியது இருந்த இடம் காலியாக இருந்தது. அங்கே சாம்பல் நிறப் பொடி எழுத்தில் ஒரே ஒரு வரி: 'இந்தக் கருத்து இதை எழுதியவரால் நீக்கப்பட்டது.'

இந்தத் தடவை மடிப்பக்கா அந்தப் பொடி எழுத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாகப் படித்தாள்.

"எழுதினவ நான் இங்க உக்காந்திருக்கேன்" என்றாள், இயந்திரத்தின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. "நான் எதையும் நீக்கலையே."